இரண்டாவது மைக் யாருக்கு?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த இயந்திரம் போடும் சத்தம் மறக்காது. நூறு டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். காதில் அடைப்பான் வைத்த பிறகுதான் ஆளை உள்ளே அனுப்புவார்கள். அந்தக் குழாய்க்குள் புதிதாகக் கல்யாணமானவர்களைப் படுக்கவைத்து, அவரவர் கணவன் அல்லது மனைவியின் புகைப்படத்தைக் காட்டினால் மூளையில் என்ன நடக்கும்? பியாங்கா அசெவேடோ என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் செய்துபார்த்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

படுத்தவர்கள் 18 பேர். காட்டிய படங்களில் சிரித்த முகம் இருந்தது, வாடிய முகம் இருந்தது, எதையும் காட்டாத முகமும் இருந்தது. துணையின் படம் மட்டுமல்லாமல் முன்பின் தெரியாதவரின் படமும் உண்டு. ஒவ்வொருவரும் எந்த அளவுக்கு நுண்ணுணர்வு கொண்டவர் என்று ஒரு கேள்வித்தாள் வைத்து அளந்திருந்தார்கள். அதில் மதிப்பெண் கூடக்கூட, கவனத்துக்கும் அடுத்த செயலுக்குத் தயாராவதற்கும் உரிய மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. எதிரில் இருப்பவரின் உணர்வை உள்வாங்கிக்கொள்ளும் பகுதிகளும் அப்படியே. துணை சிரித்த முகத்தோடு இருந்த படத்துக்கு இது இன்னும் பலமாகத் தெரிந்தது.

18 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். இதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் ‘ரொம்ப சென்சிட்டிவ்’ என்று ஒருவரைச் சொன்னாலே அழுமூஞ்சி, தொட்டாற்சிணுங்கி என்றுதான் நம் மனதில் வருகிறது. சந்தோஷத்தையும் அவர்கள் கூடுதலாகவே வாங்கிக்கொள்கிறார்கள் என்று இந்த ஆய்வு சொல்கிறது. என் வீட்டில் அதற்குச் சாட்சி உண்டு.

நான் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். ஆவணப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே ஒலியைப் பதிவு செய்வது என் பிழைப்பு. பக்கத்து வீட்டு மோட்டார், ஃபிரிட்ஜின் உறுமல், ட்யூப்லைட் சோக்கின் ரீங்காரம் என்று மற்றவர்கள் காதில் ஏறாததெல்லாம் என் காதில் ஏறும். நல்ல ஷாட் போய்க்கொண்டிருக்கும்போது “சார், ஒரு நிமிஷம், மேலே விமானம்” என்று சொல்லி எல்லோரிடமும் திட்டு வாங்குகிற ஆள் நான்தான்.

என் மனைவிக்குக் காது சுமார். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் விழாது. ஆனால் ஃபோனை வைத்த கையோடு, “ஏங்க, அண்ணன் இன்னிக்கு சரியில்ல. ‘ம்’ சொன்ன விதமே வேற மாதிரி இருந்துது” என்பாள். அதே ஸ்பீக்கரில் அதே ‘ம்’ எனக்கும்தான் கேட்டது. எனக்கு அது ஒரு ‘ம்’. மறுநாள் அண்ணிக்கும் அவருக்கும் சண்டை என்று செய்தி வரும்.

இந்தத் தன்மையை ஆராய்கிறவர்கள் முதலில் சொல்லிவிடுவது இதைத்தான்: நுண்ணுணர்வு கண், காதின் கூர்மையில் இல்லை, உள்ளே வந்ததை மூளை எவ்வளவு ஆழமாகப் போட்டு அலசுகிறது என்பதில் இருக்கிறது. என் தொழில் கணக்கில் சொன்னால், மைக் என்னுடையதுதான் கூர்மை, ஆனால் இருவருக்கும் மிக்ஸிங் மேசை வேறு. என்னுடையதில் நாலு சானல். அவளுடையதில் எத்தனை என்று இன்னும் எண்ணி முடியவில்லை.

27 கேள்விகள்

இந்தத் தன்மைக்கு ஒரு பெயரும் அளவுகோலும் கொடுத்தவர் எலைன் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர். ஒரு மருத்துவச் சிகிச்சையின்போது தனக்கு வந்த கலக்கம் அளவுக்கு மீறியதாக இருக்கிறதே என்று ஓர் ஆலோசகரைப் பார்க்கப் போனவர் அவர். ‘நீங்கள் மிகவும் நுண்ணுணர்வு கொண்டவர்’ என்று ஆலோசகர் சொன்ன பதில் அவரை விடவில்லை. அப்படியென்றால் என்ன என்று தேடிப் பார்த்தார். கூச்ச சுபாவம், உள்ளொடுங்கிய சுபாவம், பதற்ற சுபாவம் என்று ஏற்கெனவே இருந்த பெட்டிகள் எதிலும் அது முழுசாக அடங்கவில்லை. தங்களை அப்படி உணர்கிறவர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேட்டி எடுத்தார். 1996இல் பொதுவாசகர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். 1997இல் கணவர் ஆர்தர் ஏரனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில்தான் 27 கேள்விகள் கொண்ட அளவுகோல் வந்தது.

கேள்விகள் எளிமையானவை. பெரிய சத்தம் உங்களைப் படுத்துமா? மற்றவர்களின் மனநிலை உங்களைப் பாதிக்குமா? காபி குடித்தால் அதிகமாக ஏறுமா? குறைந்த நேரத்தில் நிறைய வேலை வந்தால் திணறுவீர்களா? கலையும் இசையும் உங்களை ஆழமாக அசைக்குமா? பசி எடுத்தால் மனநிலையே மாறுமா? யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் செய்யும் வேலை தடுமாறுமா? இப்படிப் போகும்.

இந்தத் தன்மைக்கு நாலு அடையாளங்களை ஏரன் சொல்கிறார். எதையும் ஆழமாக அசைபோடுவது. அதனாலேயே மற்றவர்களுக்கு முன்பாகக் களைத்துத் திணறிப்போவது. உணர்ச்சி பலமாக எழுவது, பிறர் உணர்வும் தன்னுடையதுபோல வந்து தாக்குவது. சின்னச் சின்ன மாற்றங்கள் கண்ணில் படுவது. இந்த நாலும் சேர்ந்திருக்க வேண்டும். சத்தம் பிடிக்காது என்ற ஒன்றை மட்டும் வைத்து யாரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது.

இது நோய் கிடையாது. மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆட்டிசத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெண்களுக்கே உரியது என்ற நினைப்பும் தவறு, ஆண்களிலும் இதே அளவுக்கு இருக்கிறது என்கிறார் ஏரன். இவர்களில் பத்துக்கு மூன்று பேர் நாலு பேரோடு கலகலவென்று பழகுகிறவர்கள் என்றும் அவர் சொல்கிறார். மக்கள்தொகையில் 15 முதல் 20 சதவீதம் பேர் இப்படி என்று தொடக்கத்தில் எழுதினார். 2018இல் வந்த ஓர் ஆய்வு மனிதர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, மிகுந்த நுண்ணுணர்வு உள்ளவர்கள் ஏறக்குறைய 31 சதவீதம், நடுத்தரம் 40, குறைவு 29 என்றது. அப்படிப் பார்த்தால், எந்தக் கல்யாணத்திலும் மணமக்களில் ஒருவராவது இந்த முதல் கூட்டத்தில் இருப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கேமராவுக்கு எதுவும் தெரிவதில்லை

இந்தப் பொருளில் படங்கள் வந்திருக்கின்றன. முதலாவது ‘சென்சிட்டிவ்: தி அன்டோல்ட் ஸ்டோரி’. வில் ஹார்ப்பர் இயக்கியது. 2015இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் திரையிடப்பட்டது. எலைன் ஏரன் இதில் பேசுகிறார். கனடாவில் பிறந்து, 1995இல் ‘ஜாக்ட் லிட்டில் பில்’ என்ற இசைத்தொகுப்பால் உலகப் புகழ்பெற்ற பாடகி அலானிஸ் மோரிசெட்டும் தன்னை இந்தக் கூட்டத்தில் ஒருவராகச் சொல்லிக்கொண்டு பேசுகிறார். ஆயிரக்கணக்கானோர் முன்னால் மேடையேறுகிறவர் இப்படிச் சொல்வது, கூச்சமும் நுண்ணுணர்வும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல உதாரணம்.

அடுத்து 2020இல் இரண்டு வந்தன. ‘சென்சிட்டிவ் அண்ட் இன் லவ்’ நடிகர்களை வைத்து எடுத்த கதைப்படம். அதற்குத் துணையாக வந்த ஆவணப்படம் ‘சென்சிட்டிவ் லவ்வர்ஸ்’. நுண்ணுணர்வு மிக்கவர்களின் காதல் உறவுகளைப் பற்றி எலைனும் ஆர்தரும் பேசுவது இதில்தான். பிறகு ஆண்களைப் பற்றி ‘சென்சிட்டிவ் மென் ரைசிங்’ என்று ஒன்றும் வந்தது.

ஆவணப்படக்காரர்கள் காதல் என்று வந்ததும் ஏன் ஒரு கதைப்படத்துக்குப் போனார்கள்? தொழிலில் இருப்பவனுக்கு இது சட்டென்று புரியும். நுண்ணுணர்வுக்கு வெளி அடையாளம் கிடையாது. சமையல்காரரைப் பற்றிய படத்தில் அடுப்பு எரியும். மீனவரைப் பற்றிய படத்தில் கடல் இருக்கும். கணவன் சாவியை மேசையில் வைத்த விதத்தைப் பார்த்து, ‘ஆபீஸில் ஏதோ நடந்திருக்கிறது’ என்று ஒரு பெண் புரிந்துகொள்வதை எப்படிப் படம் பிடிப்பது? கேமராவில் பதிவாவது சாவி மட்டும்தான். அவள் உள்ளே ஓடிய ஓட்டம் பதிவாகாது. அதனால் ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டையில் லேப்பல் மைக்கைக் குத்தி, “சொல்லுங்கள்” என்று கேட்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது.

அப்படிப் பேட்டி எடுக்கும்போது என் வேலை அறையை அடக்குவது. ஃபேன் நிற்கும். ஜன்னல் மூடும். ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்குவோம். இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது அங்கேதான். எந்தச் சத்தங்களுக்கு நடுவே வாழ்வது கஷ்டம் என்று ஒருவர் சொல்கிறாரோ, அதே சத்தங்களை எல்லாம் ஒழித்துவிட்டு அவரைப் பேசவைக்கிறோம். பார்க்கிறவருக்கு அவர் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று காதுக்கே எட்டாது. அந்த ஃபிரிட்ஜை ஓடவிட்டிருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யாராவது பார்த்தால் தடுமாறுவீர்களா என்பது அந்த 27 கேள்விகளில் ஒன்று என்றேன். ஆவணப்படம் என்பதே ஒருவரை உற்றுப் பார்ப்பதுதான். கேமரா வந்து உட்கார்ந்ததும் அவர் வேறு ஆளாகிவிடுவார். 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கப்பிள்ஸ் தெரபி’ தொடர் இந்தப் பிரச்சினையைச் சாமர்த்தியமாகச் சமாளித்தது. உண்மையான தம்பதிகள், ஓர்னா குரால்னிக் என்ற உண்மையான மனநல ஆலோசகர். ஆலோசகரின் அறையைப் போலவே ஓர் அரங்கம் கட்டி, ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிகளுக்குப் பின்னால் கேமராக்களை மறைத்துவிட்டார்கள். படக்குழு யாரும் கண்ணில் படமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பதிகள் கேமராவை மறந்து சண்டைக்கு இறங்கிவிடுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் போகும் போக்கு முழுசாகப் பதிவாகிறது. அதுதான் படம். நுண்ணுணர்வைப் பற்றிய படங்களில் நான் ஏங்கியதும் அதற்குத்தான்.

ஒரே வீட்டில் இரண்டு ஆராய்ச்சி

‘சென்சிட்டிவ் லவ்வர்ஸ்’ பற்றிப் பேசும்போது ஆர்தர் ஏரனைத் தாண்டிப் போக முடியாது. எலைனின் கணவர் என்பது அவருடைய சின்ன அடையாளம். காதலை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். இருவரும் 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது காதலித்தவர்கள்.

1974இல் ஆர்தரும் டொனால்ட் டட்டன் என்பவரும் செய்த ஆய்வு உளவியல் பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. கனடாவின் வான்கூவர் அருகே கபிலானோ என்ற தொங்கு பாலம். பள்ளத்தாக்கின் மேல் எழுபது மீட்டர் உயரத்தில் ஆடிக்கொண்டிருப்பது. அதைக் கடக்கும் ஆண்களை ஒரு பெண் நிறுத்தி, சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். ஆடாத, தாழ்வான இன்னொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்தார்கள். ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை ஆசையில் அடித்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

முன்பின் தெரியாத இருவரை முக்கால் மணி நேரத்தில் நெருக்கமாக்கும் 36 கேள்விகளும் ஏரன் தம்பதியர் உள்ளிட்ட குழுவின் 1997ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்தவை. 2015இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியான கட்டுரையால் அவை உலகமெல்லாம் பரவின. 2000இல் வெளியான இன்னோர் ஆய்வு அதைவிட வேடிக்கை. கணவன் மனைவி இருவரின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒட்டுப்பட்டையால் சேர்த்துக் கட்டி, ஓர் உருளைத் தலையணையைக் கையோ பல்லோ படாமல் இரண்டு பேர் உடம்புக்கும் நடுவில் அணைத்தபடி, பாயின் மேல் தவழ்ந்து, குறுக்கே உள்ள தடையையும் தாண்டச் சொன்னார்கள். இப்படிக் கூத்தடித்த ஜோடிகள், சலிப்பான வேலை செய்த ஜோடிகளைவிட, தங்கள் உறவைக் கூடுதல் திருப்தியோடு மதிப்பிட்டார்கள். புதுசாக, பரபரப்பாக எதையாவது சேர்ந்து செய்யுங்கள், அன்பு பழசாகாது என்பது ஆர்தர் வழி ஆராய்ச்சியின் சாரம்.

இப்போது எலைன் வழி ஆராய்ச்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுண்ணுணர்வு மிக்கவருக்குப் புதுமையும் பரபரப்பும் சீக்கிரம் மிதமிஞ்சிப்போகும். ஆடும் பாலம் அவரைக் காதலில் தள்ளாமல் அறையைப் பூட்டிக்கொண்டு படுக்கவைத்துவிடலாம். கணவர் புதுமையில் மருந்தைக் கண்டால், மனைவி அதன் அளவைப் பற்றி எச்சரிக்கிறார். தன் கணவர் தன்னளவுக்கு நுண்ணுணர்வு உள்ளவர் இல்லை என்று எலைனே எழுதியிருக்கிறார். 2000இல் வெளியான அவருடைய இன்னொரு புத்தகம் முழுக்கக் காதலைப் பற்றியது: இருவரும் நுண்ணுணர்வு மிக்கவர்களாக இருந்தால் என்ன ஆகும், ஒருவர் மட்டும் என்றால் என்ன ஆகும், நுண்ணுணர்வு உள்ளவரே புதுமை தேடுகிறவராகவும் இருந்தால் என்ன ஆகும். நுண்ணுணர்வு மிக்கவர்களுக்கு உறவில் சலிப்பு சீக்கிரம் தட்டும் என்றும் அவர் சொல்கிறார். எனக்கு இது வியப்பாக இருந்தது. காரணம் கேட்டபின் வியப்பு போய்விட்டது. அவர்கள் பேச்சில் ஆழத்தைத் தேடுகிறார்கள். ‘பால் வாங்கியாச்சா, கரன்ட் பில் கட்டியாச்சா’ என்பதோடு உரையாடல் நின்றால் வறண்டுபோகிறார்கள்.

பரபரப்பு தாங்காது, சலிப்பும் தாங்காது. கூட வாழ்கிறவர் இந்த இரண்டு கரைக்கும் நடுவில் படகு ஓட்ட வேண்டும். ஏரன் தம்பதியர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து ஆய்வு செய்து, கட்டுரைகளில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டு ஆராய்ச்சிகளும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பதே ஒரு முழுநீளப் படத்துக்கான கதை.

“கூட இருக்கிறவங்களை யாரும் கேக்கலையே?”

நானும் மனைவியும் இந்தப் படங்களை வீட்டில் சேர்ந்துதான் பார்த்தோம். அவள் அழுவாள், ‘இதோ, நான்தான் இது’ என்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் பாதியில் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

“ஏங்க, எல்லாரும் தன்னைப் பத்தியே சொல்றாங்க. கூட இருக்கிறவங்களை யாரும் கேக்கலையே? இந்தம்மா வீட்டுக்காரர் என்ன பாடு படறாரோ?”

அறையில் இல்லாத ஒருவரை முதலில் கவனித்தது அவள்தான். அந்தக் கேள்விக்குப் பிறகு படங்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். மைக் பெரும்பாலும் நுண்ணுணர்வு உள்ளவர் பக்கமோ ஆய்வாளர் பக்கமோதான் இருக்கிறது. ‘உன்னிடம் குறை எதுவும் இல்லை, உன்னைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள்’ என்று சொல்லி ஆற்றுவது இந்தப் படங்களின் முதல் நோக்கம். அது தேவையான வேலை. சின்ன வயதிலிருந்து ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு அந்த ஆறுதல் பெரிய விஷயம். ஆனால் காதல் என்று தலைப்பு வைத்தால் இரண்டு பேர் வேண்டுமே.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். கல்யாண ரிசப்ஷன் என்றால் எனக்கு உயிர். மெல்லிசைக் குழு எந்த ஸ்பீக்கர் வைத்திருக்கிறது, கீபோர்டுக்காரர் யார் என்று பார்த்துக்கொண்டு கடைசிப் பாட்டுவரை இருப்பேன். அவளுக்கு அந்த மண்டபத்தில் ஸ்பீக்கர் ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஆட்கள். யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்த அத்தை மொய் எழுதும் இடத்தில் மனம் நொந்து நிற்கிறார், மணப்பெண்ணின் தங்கை ஏன் ஓரமாக இருக்கிறாள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். பந்தி முடியும்போது முகம் வெளுத்திருப்பாள். வீட்டுக்குப் போகலாம் என்று அவளும், இன்னும் ரெண்டு பாட்டு என்று நானும் மண்டப வாசலில் நின்று சண்டை போட்ட காலம் உண்டு.

இப்போது நாங்கள் இரண்டு வண்டியில் போகிறோம். அவள் ஸ்கூட்டியில் வந்து, மனமார வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். நான் இருந்து கேட்டுவிட்டு வருவேன். சொந்தக்காரர்கள் எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று பேசிக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் அந்தக் கல்யாணத்தின் உண்மையான கதையை அவள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன். இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்தவன் நான். அதிகம் பார்த்தவள் அவள்.

எனக்கும் மனத்தாங்கல்கள் இல்லாமல் இல்லை. களைத்து வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமை எனக்குக் கிடையாது. முகத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தால் காரணம் சொல்லியாக வேண்டும். ‘ஒண்ணுமில்ல’ என்ற பதில் எங்கள் வீட்டில் செல்லாது. அதே வீட்டில்தான், நான் வாங்கிவந்த ஒரு முழம் மல்லிகை சாயங்காலம் முழுக்க அவள் நடையில் தெரியும். ஸ்கேன் குழாய்க்குள் துணையின் சிரித்த முகத்துக்கு மூளை கூடுதலாக விழித்ததாகச் சொன்னார்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சந்தோஷத்துக்குக் காரணமாக இருப்பது ஒரு தனிச் சுகம். அவள் வாடலுக்குக் காரணமாக இருப்பதும் அதே அளவுக்குக் கனம். இந்த இரண்டையும் கேமரா முன்னால் சொல்லவேண்டியவர் கூட வாழ்கிறவர்தான்.

கேடயமாகப் பிடிக்கலாமா?

ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதைக் கேடயமாகப் பிடிப்பவர்களும் உண்டு. ‘நான் சென்சிட்டிவ், நீதான் பார்த்து நடக்கணும்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவருக்குப் பேச இடமில்லை. ஆய்வாளர்களுக்குள்ளும் விவாதம் இருக்கிறது. ஏரனின் அளவுகோல் ஒரே தன்மையைத்தான் அளக்கிறதா என்று 2006இல் ஓர் ஆய்வு கேட்டது. சீக்கிரம் கலங்குவது, சத்தம் வெளிச்சம் போன்றவற்றை எளிதில் தாங்க முடியாமல் போவது, அழகில் தோய்வது என்று மூன்று தனி இழைகள் அதில் தெரிந்தன. பதற்ற சுபாவத்தோடு இதற்கு எவ்வளவு உறவு என்ற கேள்வியும் தொடர்கிறது. படங்கள் இந்த விவாதத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது வேறொரு திசையில் நடக்கும் ஆராய்ச்சி. நுண்ணுணர்வு மிக்கவர்கள் கெட்ட சூழலில் மற்றவர்களைவிட அதிகம் வாடுகிறார்கள் என்பது பழைய செய்தி. நல்ல சூழலில் மற்றவர்களைவிட அதிகம் தழைக்கிறார்கள் என்று மைக்கேல் ப்ளூயஸ் போன்றவர்கள் காட்டிவருகிறார்கள். லண்டனில் ஓர் ஏழ்மையான பகுதியில், பள்ளிச் சிறுமிகளுக்கு மனச்சோர்வு வராமல் தடுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவு இது: நுண்ணுணர்வு அதிகம் உள்ள சிறுமிகளிடம் பயிற்சி நன்றாக வேலை செய்தது, குறைவாக உள்ளவர்களிடம் அதன் பலன் தெரியவில்லை. சிறுமிகளிடம் கண்டதை அப்படியே கணவன் மனைவிக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் கூட வாழ்கிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம்: நாம் காட்டும் அக்கறை இவர்களிடம் வீண்போகிற செலவாக இருக்காது.

இந்தப் படங்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். தனியாகப் பார்க்காதீர்கள். தனியாகப் பார்த்தால் ‘அப்பாடா’ என்ற ஆறுதலோடு முடிந்துவிடும். சேர்ந்து பார்த்து, இடையிடையே நிறுத்திச் சண்டை போடுங்கள். பிறகு அந்த 27 கேள்விகளை எடுத்து, உங்களுக்காக நிரப்பாமல் ஒருவருக்காக மற்றவர் நிரப்புங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். சத்தம் என்ற கேள்விக்கு அவளுக்காக நான் ‘ஆமாம்’ போட்டேன். அவள் எனக்காக அதே கேள்விக்கு என்னைவிட அழுத்தமாக ‘ஆமாம்’ போட்டிருந்தாள். “சத்தம் உங்களுக்குத்தாங்க பிரச்சினை. மிக்ஸி போட்டா வீட்டைவிட்டு ஓடுறது யாரு?” என்றாள். பசி விஷயத்திலும் மதிப்பெண் எனக்குத்தான் கூடுதல். எங்கள் வீட்டில் யார் சென்சிட்டிவ் என்ற விவகாரம் அன்றிலிருந்து அவ்வளவு எளிதாக இல்லை.

யாராவது அடுத்த படம் எடுத்தால், ஒரு ஜோடியின் சமையலறையில், ஃபிரிட்ஜையும் மிக்ஸியையும் ஓடவிட்டே எடுக்கட்டும். லேப்பல் மைக் இரண்டு வேண்டும். இரண்டாவதை, இதுவரை யாரும் கேட்காத அந்த மற்றவர் சட்டையில் குத்துங்கள். ஒலிப்பதிவுக்கு நான் வருகிறேன், சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். உங்கள் வீட்டிலேயே எடுக்கலாமே என்று மட்டும் கேட்காதீர்கள். யாராவது பார்த்தால் தடுமாறுவீர்களா என்ற கேள்விக்கு நாங்கள் இரண்டு பேருமே ‘ஆமாம்’ போட்டிருக்கிறோம்.